மலாக்கா நீரிணைக்குப் புயல் வருமா?



வானிலை குறித்த அரங்கம் என்றாலே பத்து பாகாட் வட்டாரத்திலிருந்து தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "சில ஆண்டுகளில் மார்கழி வந்தாலும் வாசல் நனைவதோடு சரி. சில ஆண்டுகளிலோ மூட்டை முடிச்சுடன் வாரக்கணக்கில் பள்ளி மண்டபத்தில் படுத்துக் கிடக்கிறோம். மழைக்கு ஏன் இந்த ஓரவஞ்சனை?" என்பதே அது. நியாயமான கேள்விதான். அதற்கு விடை நம் ஊர் வானத்தில் மட்டும் இல்லை. சைபீரியாவின் பனிவெளியிலும், பசிபிக் மாக்கடலின் நடுவிலும், இந்தியப் பெருங்கடலிலும் சிதறிக் கிடக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடித்த வரலாற்றில் தமிழர்களின் கண்ணீரும் கலந்திருக்கிறது.

பஞ்சம் கற்றுத் தந்த பாடம்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. பருவமழை பொய்த்தது, லட்சக்கணக்கானோர் மடிந்தனர். பிழைக்க வழி தேடிக் கப்பலேறிய தமிழர்கள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்து சேர்ந்தனர். அதே காலத்தில் பசிபிக் கடலில் மிகக் கடுமையான எல் நினோ நிலவியது என்பதை இன்று நாம் அறிவோம். அன்று அந்தப் பெயரையே ஆய்வாளர்கள் அறிந்திருக்கவில்லை.

இந்தியாவின் மழை ஏன் பொய்க்கிறது என்று கண்டறியும் பொறுப்பு, 1904இல் அங்கு வந்த கில்பர்ட் வாக்கர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. உலகின் பல மூலைகளிலிருந்தும் காற்றழுத்தக் கணக்குகளைத் திரட்டி அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். பசிபிக் பக்கம் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது. இங்கே ஏறினால் அங்கே இறங்குகிறது. ஏற்றப் பலகையின் இரு முனைகள் போன்ற இந்த ஆட்டத்துக்கு 1920களில் 'தென் அலைவு' என்று பெயரிட்டார். கடல் வெப்பமும் இந்தக் காற்றழுத்த ஆட்டமும் ஒரே இயக்கத்தின் இரண்டு பக்கங்கள் என்பதை 1960களில் ஜேக்கப் பியர்க்னெஸ் விளக்கினார்.

எல் நினோ காலத்தில் வெந்நீர்த் திரள் பசிபிக்கின் கிழக்கே நகர்கிறது. மழை மேகங்களும் அதன் பின்னாலேயே போய்விடுகின்றன. நம் வட்டாரம் காய்கிறது. 1997லும் 2015லும் நம்மைத் திணறடித்த புகைமூட்டம் அப்படிப்பட்ட ஆண்டுகளில் வந்ததுதான். லா நினா காலத்தில் வெந்நீர் மேற்கே, நம் பக்கம் குவிகிறது. பசிபிக் புயல்கள் பிறக்கும் இடமும் மேற்கு நோக்கி நகர்கிறது. மழை கூடும் வாய்ப்பும் அதிகரிக்கிறது. 32 பேரைப் பலிகொண்ட 1971 ஜனவரி கோலாலம்பூர் வெள்ளம் லா நினா காலத்தில் நிகழ்ந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நம்மைக் காய வைக்கும் அதே எல் நினோ, தமிழகத்தின் ஐப்பசி, கார்த்திகை மழையைப் பெரும்பாலும் கூட்டுகிறது. 2015இல் இங்கே புகைமூட்டம் சூழ்ந்த சில வாரங்களில் அங்கே சென்னை மாநகரம் வெள்ளத்தில் மூழ்கியது.

'இங்கே புயல் வராது'

பூமியின் சுழற்சிதான் காற்றைச் சுழல வைக்கிறது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அந்த விசை குறைந்துகொண்டே போகும். ஆகவே நடுக்கோட்டிலிருந்து 5 பாகைக்குள் புயல் உருவாவது அரிது என்பது பாடநூல் விதி. பத்து பாகாட் 2 பாகைக்கும் தெற்கே இருக்கிறது. நாம் நிம்மதியாக உறங்கியதற்கு அதுவே காரணம்.

2001 டிசம்பரில் அந்த நிம்மதி கலைந்தது. சைபீரியாவில் திரண்ட குளிர்காற்று தென்சீனக் கடல் வழியாகத் தெற்கே பாய்ந்தது. போர்னியோ கரையோரம் வழக்கமாகத் தோன்றும் ஒரு காற்றுச் சுழல் அதே நேரத்தில் கடலுக்குள் நகர்ந்து நின்றது. குறுகிய கடற்பரப்பில் இரண்டும் மோதிச் சுழன்றதில், நடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் ஒன்றரைப் பாகையில் 'வாமெய்' புயல் பிறந்தது. டிசம்பர் 27ஆம் நாள் அது ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் ஐவர் உயிரிழந்தனர். இப்படிப்பட்ட புயல் நூறு முதல் நானூறு ஆண்டுகளுக்கு ஒரு முறையே வரும் என்று அதனை ஆராய்ந்த அறிஞர்கள் கணித்தனர். அவ்வாண்டு எல் நினோவும் இல்லை, லா நினாவும் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

24 ஆண்டுகள் உருண்டோடின. 2025 நவம்பர் 26ஆம் நாள் மலாக்கா நீரிணையிலேயே 'செனியார்' புயல் உருவெடுத்தது. சுமத்ராவில் அது கொண்டுவந்த வெள்ளமும் நிலச்சரிவும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தன. பின்னர் அது நீரிணையைக் கடந்து சிலாங்கூர் கரையைத் தொட்டது. அவ்வேளையில் பசிபிக்கில் மெல்லிய லா நினா நிலவியது. இந்தியப் பெருங்கடலின் கிழக்குப் பகுதியில், அதாவது சுமத்ரா பக்கம், நீர் வழக்கத்தைவிட வெப்பமாக இருந்தது. ஆக, தலைப்பில் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. வரும், அரிதாக வரும், ஆனால் வரும்.

2006: நான்கு காற்றுகளின் கூட்டு

புயல் என்ற பெயரே இல்லாமலும் பேரிடர் வரலாம் என்பதற்கு 2006 டிசம்பரும் 2007 ஜனவரியும் சாட்சி. கோத்தா திங்கி, சிகாமட், குளுவாங், பத்து பாகாட் என ஜொகூரே தத்தளித்தது. லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். 18 பேர் மாண்டனர். சேதம் சுமார் 150 கோடி ரிங்கிட்.

லா நினாதான் வெள்ளத்தைக் கொண்டுவரும் என்று சொன்னேன் அல்லவா? 2006இல் நிலவியதோ எல் நினோ! மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஃபிரெடோலின் தங்காங்கும் அவர்தம் குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் இந்தப் புதிரை அவிழ்க்க முயன்றனர். அவர்கள் ஒரு காரணத்தோடு நிற்கவில்லை. வடகிழக்குக் குளிர்காற்றின் எழுச்சி, போர்னியோ சுழல், இந்தியப் பெருங்கடலின் இருமுனை வெப்ப வேறுபாடு, மேடன்–ஜூலியன் அலைவு ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தனர்.

கடைசியாகச் சொன்னது ஒரு நாடோடி. நடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கு நோக்கி ஊர்ந்து, 30 முதல் 60 நாட்களில் உலகைச் சுற்றிவரும் மழைத்திரள் அது. ரோலண்ட் மேடன், பால் ஜூலியன் என்ற இரு அமெரிக்கர்கள் 1971இல் அதனைக் கண்டறிந்தனர். இந்த நான்கும் ஒன்றையொன்று தள்ளியும் இழுத்தும், மழை எங்கே கொட்டுவது என்பதை முடிவு செய்கின்றன. எல் நினோவும் லா நினாவும் பகடையின் எடையைத்தான் மாற்றும். விழும் எண்ணை அவை மட்டுமே தீர்மானிப்பதில்லை.

காற்று பாதி, நிலம் பாதி

மழை எங்கிருந்தோ வருகிறது. அது வெள்ளமாவது நம் மண்ணில். சிம்பாங் கிரி, சிம்பாங் கானான் ஆறுகள் கூடி பத்து பாகாட் ஆறாகிக் கடலில் கலக்கின்றன. வட்டாரத்தின் பெரும்பகுதி தாழ்நிலம். பல இடங்களில் கரிமண் சதுப்பு. பாரிட் ராஜா, பாரிட் சூலோங், பாரிட் யானி என்று ஊர்ப் பெயர்களிலேயே 'பாரிட்', அதாவது வடிகால், ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜாவாவிலிருந்தும் பஞ்சாரிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் வாய்க்கால் வெட்டி நீரை வடித்த பிறகே இங்கே பயிர் செய்ய முடிந்தது. கடலில் நீர் ஏறும் நேரத்தில் ஆற்று வெள்ளம் வெளியேற வழியின்றித் தேங்குகிறது. இதனால்தான் பிற மாவட்டங்களில் நாட்களில் வடியும் நீர் இங்கே வாரங்கள் தங்குகிறது.

2023 மார்ச்சில் மீண்டும் அதுவே நடந்தது. மூன்று ஆண்டுகளாகத் தொடர்ந்த லா நினா விடைபெறும் வேளையில் ஜொகூரில் 40,000க்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களுக்குச் சென்றனர். யோங் பெங் உள்ளிட்ட பத்து பாகாட் மாவட்டமே அதிகம் பாதிக்கப்பட்டது. மழைக்காலம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைக்கும் மாதம் அது.

நாம் செய்ய வேண்டியது

இந்த வரலாறு நமக்குத் தருவது அச்சமன்று, அவகாசம். லா நினா வருவது பல மாதங்களுக்கு முன்பே தெரிகிறது. கால்வாயைத் தூர்வாரவும், அடையாளப் பத்திரங்களுக்கு நகல் எடுத்து வைக்கவும் அந்த மாதங்கள் போதும். மேடன்–ஜூலியன் மழைத்திரள் நெருங்குவது இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே தெரிகிறது. தோட்ட நிர்வாகமும் ஆலய நிர்வாகமும் பள்ளிப் பெற்றோர் சங்கமும் கூடிப் பேச அது போதும். குளிர்காற்று சீனாவை விட்டுப் புறப்படுவது சில நாட்களுக்கு முன்பே தெரிகிறது. முதியோரையும் நோயாளிகளையும் மேட்டுக்கு அழைத்துச் செல்ல அந்த நாட்கள் போதும்.

1876இல் நம் முன்னோருக்கு இந்த அவகாசம் கிடைக்கவில்லை. மழை ஏன் பொய்த்தது என்று அறியாமலேயே அவர்கள் ஊரை விட்டு வந்தார்கள். நமக்கோ மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கை கைப்பேசிக்கே வந்து சேர்கிறது. அதைப் படித்துவிட்டு, "நம்ம ஊருக்கா புயல் வரப் போகுது?" என்று ஒதுக்கித் தள்ளும் பழக்கத்தைத்தான் நாம் முதலில் விட வேண்டும். உங்கள் பக்கத்து வீட்டில் தனியாக வாழும் பாட்டிக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதையும் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.