கிறிஸ்து பிறப்புத் திருநாளும் அதன் உட்பொருளும்

ஒரு திருநாளின் பெருமை அதற்கெனச் செலவிடப்படும் பொருளினால் அளக்கப்படுவதன்று. அத்திருநாள் எதனை நினைப்பூட்டுதற்கு எழுந்ததோ, அதனை உள்ளத்தே நிலைநிறுத்தும் திறத்தினால் அளக்கப்படுவதாம். டிசம்பர் மாதம் பிறந்தவுடன் கிறிஸ்தவ இல்லங்களில் சுவருக்கு வெள்ளையடித்தலும், புத்தாடை எடுத்தலும், பலகாரம் செய்தலும், வாயிலில் விண்மீன் விளக்குத் தூக்குதலும் யாவரும் அறிந்தனவே. இவற்றைக் குறை கூறுதல் நம் கருத்தன்று. ஆயினும், இத்துணை ஆரவாரத்தின் நடுவே அத்திருநாளின் உட்பொருள் எங்குளது என்னும் வினா இன்று நேற்று எழுந்ததன்று. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாகக் கிறிஸ்தவ சமயப் பெரியோர் உள்ளத்தை வருத்திவந்த வினாவே அது. அதற்கு அவர்கள் கண்ட விடைகளுட் சிலவற்றைச் சரித்திர வாயிலாக ஆராய்தல், நம் சங்கத்து அன்பர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் பயன்படுமெனக் கருதி இதனை எழுதப் புகுந்தோம்.

முதற்கண் அறியற்பாலது ஒன்றுண்டு. கிறிஸ்து பெருமான் பிறந்த நாள் இன்னதென்று சுவிசேஷங்களில் யாண்டும் கூறப்படவில்லை. பிறப்பின் வரலாற்றை உரைக்கும் மத்தேயு, லூக்கா என்னும் இருவரும் மாதத்தையேனும் தேதியையேனும் குறித்தாரல்லர். டிசம்பர் 25-ஆம் தேதியைக் காட்டும் மிகப் பழைய சான்று, உரோமாபுரியில் 354-ஆம் ஆண்டிற் தொகுக்கப்பெற்ற ஒரு பஞ்சாங்கத்தில் உள்ள அட்டவணையாகும். அவ்வட்டவணை 336-ஆம் ஆண்டளவில் எழுந்ததென்பர் ஆராய்ச்சியாளர். கீழைத்தேசத்துச் சபைகள் ஜனவரி 6-ஆம் நாளையே பெரிதும் போற்றிவந்தன. அர்மீனியச் சபையார் இன்றும் அந்நாளிலேயே பிறப்புத் திருநாளைக் கொண்டாடுகின்றனர். ஆகவே, நாள் என்பது பின்னோர் வகுத்துக்கொண்டது. ஆனால், நாளைக் கூறாதொழிந்த லூக்கா, இடத்தைத் தெளிவாகக் கூறிச் சென்றார். சத்திரத்தில் இடம் கிடையாமையால் குழந்தையைத் துணியிற் சுற்றி, கால்நடைக்குத் தீனியிடும் முன்னணையிற் கிடத்தினாள் தாய் என்பது அவர் உரைத்த செய்தி. நாள் மறைந்து நிற்க, இடம் விளங்கி நிற்கின்றது. திருநாளின் உட்பொருளும் அவ்விடத்தைப் பற்றியே நிற்பதென்பது நாம் கண்ட முடிபு. இதனை வலியுறுத்தும் நிகழ்ச்சிகள் சிலவற்றைக் கூறுவோம்.

380-ஆம் ஆண்டையொட்டிக் கான்ஸ்டாண்டிநோபிள் நகரத்தில் நாசியான்சஸ் கிரகோரியார் என்னும் பெரியார் இத்திருநாளைப் பற்றி ஆற்றிய பிரசங்கம் ஒன்று இன்றும் கிடைக்கின்றது. வாயிலில் மாலை தூக்குதல், வீதியை அலங்கரித்தல், கூத்தாடுதல், மெல்லிய ஆடையும் பொன்னும் மணியும் அணிந்து தருக்குதல், பெருவிருந்து உண்டு மதுவில் மயங்குதல் என இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கூறி, இவற்றால் இந்நாளைக் கொண்டாடுதல் கூடாதென அவர் விலக்குகின்றார். விலக்குதற்கு அவர் காட்டிய காரணமே ஊன்றி நோக்கத்தக்கது. நம்மைப் போலவே அதே மண்ணால் ஆக்கப்பட்ட மக்கள் பசித்திருக்க, நாம் ஒருவரோடொருவர் போட்டியிட்டு மிகையாக நுகர்தல் தகாது என்பதே அக்காரணம். அந்நகரத்தில் அத்திருநாள் வேரூன்றத் தொடங்கிய காலம் அது. திருநாளும் ஆரவாரமும் உடன்பிறந்தன என்பதும், ஆரவாரத்தைக் கண்டிக்கும் குரலும் அவற்றோடு ஒருங்கே பிறந்தது என்பதும் இதனாற் புலனாம்.

கிரகோரியார் சொல்லாற் காட்டியதைச் செயலாற் காட்டியவர் அசிசி நகரத்துப் பிரான்சிஸ் முனிவர். ஆடை வணிகர் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, செல்வம் அனைத்தையும் துறந்து, வறுமையையே அணியாகப் பூண்டவர் அவர். 1223-ஆம் ஆண்டில், இத்தாலியில் கிரெச்சியோ என்னும் மலையூரில் அவர் நிகழ்த்திய திருநாள் விழாவைச் செலானோ ஊரினராகிய தோமா என்பார், முனிவர் மறைந்த சில ஆண்டுகளுள் எழுதிய சரித்திரத்திற் காணலாம். திருநாளுக்குப் பதினைந்து நாட்களுக்கு முன்னர், அவ்வூர்ப் பெருமகனாகிய யோவான் என்பவரை முனிவர் அழைத்தார். குழந்தை இயேசு பெத்லகேமிற் பட்ட துன்பத்தையும், எருதும் கழுதையும் நிற்க வைக்கோலின்மேற் கிடந்த நிலையையும் தம் ஊனக்கண்ணாலேயே காண விழைவதாகக் கூறினார். அவ்வாறே முன்னணை அமைந்தது; வைக்கோல் வந்தது; எருதும் கழுதையும் வந்து நின்றன. ஊரார் ஆடவரும் பெண்டிருமாகத் தீப்பந்தமும் மெழுகுவத்தியும் ஏந்தி இரவிற் குழுமினர். முன்னணையின்மேற் பூசை நிகழ்ந்தது. முனிவர் சுவிசேஷத்தைப் பாடி, ஏழை மன்னனின் பிறப்பைக் குறித்துப் பேசினார். இக்காலத்தில் ஆலயங்களிலும் இல்லங்களிலும் நாம் அமைக்கும் குடில் பரவுதற்கு இந்நிகழ்ச்சி பெருந்தூண்டுதலாயிற்று.

வறுமையைப் போற்றினாராயினும் பிரான்சிஸ் முனிவர் மகிழ்ச்சியைப் பகைத்தாரல்லர். இத்திருநாள் வெள்ளிக்கிழமையில் வந்தால் புலால் விலக்கவேண்டுமோ என்று துறவி ஒருவர் ஐயுற்றபோது, அன்று சுவரும் புலால் உண்ணவேண்டும், உண்ண இயலாதாயின் அதன் மேலேனும் பூசவேண்டும் என்னும் கருத்துப்பட விடை கூறினாராம். அந்நாளிற் பறவைகளுக்காகப் பாதைகளில் தானியம் தூவவேண்டும். செல்வர் ஏழைகளைப் பசியாற்ற வேண்டும். எருதுக்கும் கழுதைக்கும் மிகுதியாகத் தீனியிட வேண்டும். இங்ஙனம் பேரரசன் கட்டளை பிறப்பிக்கவேண்டும் என்பதும் அவர் விருப்பம். மகிழ்ச்சியைச் சுருக்குதல் அன்று, அதனைப் பறவை விலங்கு ஈறாகப் பரப்புதலே அவர் கண்ட வழி.

இனி, இவ்வழிக்கு மாறாக நடந்த ஒரு வரலாற்றையும் காண்போம். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்திற் பியூரிட்டன் என்னும் கடுந்தூய்மைக் கட்சியார் ஓங்கினர். வேதத்தில் விதிக்கப்படாத திருநாள் என்றும், குடியும் சூதும் மலிவதற்கு இடமானதென்றும் அவர்கள் இதனை வெறுத்தனர். அவர்கள் கூறிய குறையில் உண்மையின்றாமெனல் இயலாது. 1647-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் பாராளுமன்றம் இத்திருநாளை ஒழித்துக் கட்டளை பிறப்பித்தது. அவ்வாண்டு டிசம்பர் 25-ஆம் நாள், கான்டர்பரி நகரத்தில் கடைகளைத் திறக்கவேண்டுமென அதிகாரிகள் வற்புறுத்தவே கலகம் மூண்டது. 1660-இல் முடியரசு மீண்டபோது திருநாளும் மீண்டது. கடல் கடந்து அமெரிக்காவிற் குடியேறிய அக்கட்சியார் மாசச்சூசெட்ஸ் நாட்டில் 1659-ஆம் ஆண்டு இத்திருநாளைக் கொண்டாடுவோர்க்கு ஐந்து ஷில்லிங் அபராதம் விதித்தனர். அச்சட்டமும் 1681-இல் நீக்கப்பட்டது. கட்டளையால் ஆரவாரத்தைச் சிலகாலம் அடக்கலாம்; உட்பொருளை உள்ளத்திற் புகுத்தல் கட்டளையால் ஆவதன்று என்பதற்கு இவை சான்றாகும்.

நம் தமிழகத்திலும் இவ்வுண்மையை உணர்த்தியவர் உளர். பிரான்சிஸ் முனிவர் பிறந்த அதே இத்தாலி தேசத்திலிருந்து வந்து தமிழ்க்கடலுள் மூழ்கிய வீரமாமுனிவர், 1726-ஆம் ஆண்டில் தேம்பாவணி என்னும் பெருங்காப்பியத்தை இயற்றினார். 3615 பாடல்களைக் கொண்ட அந்நூலின் தலைவர் யார்? முடியரசரும் பெருவீரருமே காப்பியத் தலைவராதல் பெருவழக்காயிருக்க, அவர் கொண்ட தலைவர் தச்சுத்தொழில் செய்து வாழ்ந்த சூசையப்பர். அவரையே வளன் எனத் தமிழாற் பெயரிட்டுப் போற்றினார். சூசையப்பர் தாவீது அரசனின் குலத்திற் பிறந்தவர். தாவீதின் ஊராகிய பெத்லகேமுக்கே குடிமதிப்பெழுதச் சென்றார். மூதாதையர் ஊரில் அரச குலத்தவர்க்கு ஒரு சத்திரத்திலும் இடம் கிடைக்கவில்லை! குலப்பெருமை பேசிக் களிக்கும் இயல்பினராகிய நாம் இதனைச் சிறிது சிந்திப்போமாக. இறைவன் தன் வருகைக்குக் குலத்தைக் கொண்டான், ஆனால் குலத்தின் செருக்கைக் கொள்ளவில்லை. அரச மரபைக் கொண்டான், ஆனால் அரண்மனையை வேண்டவில்லை.

பல்லாண்டுகளாகச் சிறாரைப் பயிற்றிவருகின்ற நாம், விடுமுறை கழிந்து பள்ளி திறக்கும் நாளில், புத்தாடை அணிந்த பிள்ளைகளின் நடுவே பழைய சட்டையோடு வந்து தலைகுனிந்திருக்கும் பிள்ளைகளைக் கண்டிருக்கின்றோம். அவருட் சிலர் நம் உறவினர் மக்களேயாவர். பிறர்க்கு நிகராகத் தோன்றவேண்டிக் கடன் வாங்கித் திருநாள் நடத்தி, ஆண்டு முழுதும் வட்டி கட்டும் குடும்பங்களையும் நாம் அறிவோம். சத்திரத்தில் இடமின்றி நின்றவரை நினைக்கும் நாளில், நம் சுற்றத்தாருள் ஒருவர் நம் வீட்டில் இடமின்றி நிற்பாராயின், விண்மீன் விளக்கு யாருக்கு வழிகாட்டும்?

ஆதலின், திருநாளுக்கு முன்வரும் நான்கு ஞாயிறுகளையும் கடைவீதிக்கு மாத்திரம் ஒதுக்காது, நாடோறும் இரவிற் குடும்பத்தார் ஒருங்கிருந்து பிறப்பின் வரலாற்றைச் சிறிது சிறிதாக வாசித்துத் தியானிப்பாராக. துணி எடுக்கும்போது, எடுக்க இயலாத ஒரு வீட்டுப் பிள்ளைக்கும் அளவு கேட்டு, பிறர் அறியாதபடி கொடுப்பாராக. பலகாரத்தை நமக்கு மீண்டும் பலகாரம் அனுப்பவல்ல வீடுகளுக்கே அனுப்பாது, அனுப்ப இயலாத வீடுகளுக்கு முதலில் அனுப்புவாராக. இவை பெருஞ்செலவு வேண்டுவன அல்ல. குடிலில் வைக்கோல் பரப்புதல் எளிது. வாழ்வில் ஒருவர்க்கு இடம் அளித்தலே அக்குடிலின் பொருள். அப்பொருளை உணர்ந்து இத்திருநாளைக் கொண்டாட, எல்லாம் வல்ல இறைவன் நமக்கு அருள்புரிவானாக.