1.2 அங்குலம்: ஒரு சிவிக்குக்காக காத்திருந்தவங்க கதை

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டல, மன்னிச்சுக்குங்க மக்களே. செமஸ்டர் முடியுற நேரம், ஆணி ஜாஸ்தி. நடுவுல ஒரு நல்ல காரியம் நடந்துச்சு. அடியேன் கார் வாங்கிட்டேன்! உடனே பார்ட்டி எங்கன்னு கேக்காதீங்க. 2012 மாடல் ஹோண்டா சிவிக், ரெண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டுன வண்டி. ஒண்டாரியோவுல பஸ்ஸுக்கு நின்னே ரெண்டு குளிர்காலத்த ஓட்டினவனுக்கு இது ரோல்ஸ் ராய்ஸ் :-)

வாங்கின அன்னைக்கு ராத்திரி ரூம்மேட்கிட்ட சாவிய காட்டினேன். அவன் கார் பைத்தியம். சந்தோஷப்படுவான்னு பார்த்தா, "2012-ஆ? போயும் போயும் அந்த வருஷத்தையா எடுத்தே? 2011 எடுத்திருக்கலாம், 2013 எடுத்திருக்கலாம்"னு தலையில அடிச்சுக்கிட்டான். ஒரே பேரு, ஒரே கம்பெனி, ஒரு வருஷம் முன்ன பின்ன. அதுல அப்படி என்னதான் இருக்கு? தோண்ட ஆரம்பிச்சேன். பரீட்சைக்குப் படிச்சிருந்தா உருப்பட்டிருப்பேன். இருந்தாலும் தோண்டினதை உங்ககிட்ட கொட்டாம எப்படி?

முதல்ல கொஞ்சம் பழைய கதை

சிவிக் பிறந்தது 1972 ஜூலையில, ஜப்பான்ல. அதுக்கு முன்னாடி ஹோண்டான்னா பைக் கம்பெனி. அமெரிக்காவுல 1970-ல காத்து மாசுக்கு கடுமையான சட்டம் வந்துச்சு. டெட்ராய்ட் பெரிய கம்பெனிகள் எல்லாம் "இது நடக்குற காரியமா?"ன்னு புலம்பிக்கிட்டு இருந்தப்போ, ஹோண்டா சிவிசிசி-னு ஒரு என்ஜின் பண்ணுச்சு. சிலிண்டருக்குப் பக்கத்துல ஒரு குட்டி அறை. அதுல பெட்ரோல் கொஞ்சம் அதிகமான கலவைய பத்த வெச்சு, அந்தத் தீய வெச்சு பெரிய அறையில இருக்குற பெட்ரோல் கம்மியான கலவைய எரிக்கிறது. புகையச் சுத்தம் பண்ண தனியா கேட்டலிடிக் கன்வெர்ட்டர் மாட்டாமயே சட்டத்துல பாஸ். பெட்ரோல் தட்டுப்பாடு வந்த 1973-லயே சிவிக் அமெரிக்காவுக்கு வந்துடுச்சு. 1975 மாடல்ல இந்த என்ஜினும் சேர்ந்துச்சு. அப்புறம் சொல்லணுமா?

இதுல ஒரு விஷயத்த மட்டும் மனசுல வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும். அன்னைக்கு டெட்ராய்ட்டோட நெனப்பு என்ன? சின்ன கார் வாங்குறவன் காசு இல்லாதவன், அவனுக்கு ஏதோ ஒண்ணு குடுத்தா போதும். ஹோண்டா ஜெயிச்சது அந்த "போதும்"ங்கிற வார்த்தைய ஒத்துக்காததால. வண்டி சின்னது, ஆனா வேலை சுத்தம்.

அதுக்கப்புறம் நாலு வருஷம், அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புது சிவிக். 1979, 83, 87, 91, 95, 2000, 2005. பஞ்சாங்கம் மாதிரி. பைத்தியங்க வருஷத்தச் சொல்ல மாட்டாங்க, ஈஜி, ஈகே, எஃப்டி-னு சேசிஸ் குறியீட்டத்தான் சொல்வாங்க. 1987-ல வந்த வண்டியில நாலு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன். அந்தக் காலத்துல ரேஸ் கார், விலை கூடின காருக்கெல்லாம் போடுறது. கல்லூரிப் பசங்க வாங்குற வண்டியில அதைப் போட்டா சும்மா இருப்பாங்களா? ஒரு தலைமுறையே சிவிக்கை பிரிச்சு மேஞ்சு ரேஸ் விட்டுது.

2000-ல வந்த ஏழாவது தலைமுறையில முன்பக்கம் மட்டும் சாதாரண மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டுக்கு மாத்தினாங்க. இன்னைக்கும் அதைச் சொல்லி அழுற ஆளுங்க இருக்காங்க. ஆனா 2005-ல வந்த எட்டாவது (2006 மாடல்) எல்லாரையும் வாயடைக்க வெச்சுடுச்சு. விண்கலம் மாதிரி சரிஞ்ச முன் கண்ணாடி, ரெண்டு அடுக்கு டாஷ்போர்டு. வட அமெரிக்காவோட 2006 சிறந்த கார் விருது. 2008 மே மாசம், பெட்ரோல் விலை எகிறினப்போ, அமெரிக்காவுலயே அதிகம் வித்த வண்டி சிவிக். ஃபோர்டோட எஃப் சீரிஸ் பிக்கப்பையே தாண்டிடுச்சு.

இப்படி ஒரு வண்டிக்கு அடுத்தது வரப்போகுதுன்னா எதிர்பார்ப்பு எப்படி இருக்கும்!

காத்திருந்து காத்திருந்து

கணக்குப்படி 2010-ல வந்திருக்கணும். வரல.

காரணம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். 2008 செப்டம்பர்ல லேமன் பிரதர்ஸ் கவுந்துச்சு. டிசம்பர்ல ஹோண்டா ஃபார்முலா ஒன்ல இருந்து வெளியேறுச்சு. 2009-ல கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் திவால் நோட்டீஸ் குடுத்துச்சு. உலகமே இனிமே சிக்கனம்தான்னு ஹோண்டா நெனச்சதுல தப்பு சொல்ல முடியாது. பாதி வரைஞ்ச சிவிக்கை மறுபடி எடுத்து சிறுசாக்கு, எடையக் குறை, மைலேஜைக் கூட்டுன்னு திருத்த ஆரம்பிச்சாங்க.

2010 டிசம்பர்ல ஒரு ஓவியம் விட்டாங்க. 2011 ஜனவரியில டெட்ராய்ட் கண்காட்சியில மாதிரி வண்டி. பெரிய வீலு, தரையோட ஒட்டின பாடி. அஞ்சு வருஷம் பழைய வண்டிய வெச்சுக்கிட்டு, 'புதுசு வரட்டும், மாத்திக்கலாம்'னு இருந்தவங்களுக்கு அந்தப் படம் போதும்.

மார்ச் 11. ஜப்பான்ல பூகம்பம், சுனாமி. தொசிகியில இருக்குற ஹோண்டா ஆராய்ச்சி மையமும் சேதமாச்சு. உதிரி பாகம் வராம வட அமெரிக்க ஆலைகள்ல உற்பத்திய குறைச்சாங்க. அந்த நேரத்துல, ஏப்ரல்ல, புது சிவிக் கடைக்கு வந்துச்சு.

வந்து பார்த்தா, பெரிய வீலக் காணோம். 1.8 லிட்டர், 140 குதிரைத்திறன், அஞ்சு கியர் ஆட்டோமேட்டிக், எல்லாம் 2006-ல இருந்த அதே கணக்கு. சிடானோட முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்குற தூரம் 106.3 அங்குலத்துல இருந்து 105.1 ஆயிடுச்சு. 1.2 அங்குலம் போச்சு. டாஷ்போர்டு தட்டினா டொக்கு டொக்குனு கட்டி பிளாஸ்டிக். எஸ்ஐ-ல 8000 ஆர்பிஎம் வரைக்கும் கத்தின 2 லிட்டர் என்ஜின் போயி, 7000-த்தோட நிக்கிற 2.4 லிட்டர். மைலேஜ் மட்டும் நெசமாவே கூடுச்சு. அமெரிக்க அரசு கணக்குப்படி நெடுஞ்சாலையில காலனுக்கு 36 மைல்ல இருந்து 39.

அந்த ஆகஸ்ட்ல கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை குண்டு போட்டுச்சு. அவங்க விளம்பரமே வாங்காம, சொந்தக் காசுல கார் வாங்கி சோதிக்கிறவங்க. பழைய சிவிக்குக்கு 78 மார்க் குடுத்திருந்தவங்க புதுசுக்கு 61 போட்டு, "வாங்கலாம்" பட்டியல்ல இருந்தே தூக்கிட்டாங்க. பிரேக் போட்டா நிக்கிற தூரம் கூடிப்போச்சு, சாலை இரைச்சல், குலுக்கல், உள்ளே மட்டமான பொருள். மைலேஜும் பின்சீட் இடமும் பரவாயில்லன்னும் சொன்னாங்க, நேர்மையா.

வயித்தெரிச்சல் என்னன்னா, அதே நேரத்துல மத்தவங்க எல்லாம் நேர் எதிர்ப்பக்கம் போயிட்டு இருந்தாங்க. ஹூண்டாய் எலான்ட்ரா, ஃபோர்டு ஃபோகஸ், செவர்லே க்ரூஸ், எல்லாம் சின்ன வண்டிதான், ஆனா உள்ளே உக்காந்தா பெரிய வண்டி மாதிரி. 2012 சிறந்த கார் விருது எலான்ட்ராவுக்குப் போச்சு. காசு கம்மியானவன் சின்ன காருக்கு இறங்கி வர்றான், சரி. ஆனா ரசனையையும் இறக்கிட்டா வர்றான்? 1970-கள்ல டெட்ராய்ட்டுக்கு ஹோண்டா நடத்தின பாடத்த, 2011-ல ஹோண்டாவுக்கு மத்தவங்க நடத்தினாங்க. மேல மனசுல வெச்சுக்கச் சொன்னது இதுக்குத்தான்.

பத்து நூல்

எங்கப்பா கோயமுத்தூர்ல சின்னதா ஒரு லேத் பட்டறை வெச்சிருக்கார். பம்பு செட்டுக்கு உருப்படி கடைஞ்சு குடுக்கிற வேலை. ஞாயித்துக்கிழமை போன் பண்ணினப்போ இந்தக் கதைய சொன்னேன். 1.2 அங்குலம்னா அவர் கணக்குல கிட்டத்தட்ட பத்து நூல். கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

அப்புறம் சொன்னார்: "மார்க்கெட் டல்லா இருக்கிறப்ப எல்லாருக்கும் அந்தப் புத்தி வரும் சாமி. ஒரு நூல் கொறச்சா யாருக்குத் தெரியப் போவுதுன்னு. எனக்கும் வந்துச்சு, 2009-ல. வாங்கறவனுக்குத் தெரியாதுங்க. ஆனா அஞ்சு வருசமா நம்ம உருப்படிக்குன்னே காத்திருந்து வாங்கறான் பாரு, அவன் கையில எடுத்ததும் கண்டுபுடிச்சுருவான்."

நீங்க என்னப்பா பண்ணீங்கன்னு கேட்டேன். "அம்மாகிட்ட போனக் குடுக்கறேன், இரு"ன்னுட்டார். நானும் மேல கேக்கல.

ஒரு வண்டிக்காக வருஷக்கணக்கா காத்திருக்கிறவன இதுவரைக்கும் நான் வெட்டிப்பயன்னுதான் நெனச்சிருந்தேன். அப்பா பேசின பிறகு அப்படித் தோணல. அவந்தான் அளவுகோல். கம்பெனி கொறைச்சா முதல்ல வலிக்கிறது அவனுக்கு.

அப்புறம் என்ன ஆச்சு?

இங்கதான் கதை சுவாரசியம். இவ்ளோ திட்டு வாங்கின வண்டி விக்கலையா? வித்துச்சே! உதிரி பாகப் பஞ்சம் தீர்ந்த 2012-ல அமெரிக்காவுல மட்டும் 3 லட்சத்து 17 ஆயிரத்துக்கு மேல. சும்மா இருந்திருந்தாலும் கல்லா நெறைஞ்சிருக்கும்.

ஆனா ஹோண்டா சும்மா இருக்கல. வழக்கமா மூணு வருஷம் கழிச்சு பண்ற திருத்தத்த, வெறும் ஒன்றரை வருஷத்துல, 2012 நவம்பர்ல லாஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சியில கொண்டு வந்துட்டாங்க. முகம் மாறுச்சு, டாஷ்போர்டுக்கு மெத்துனு பொருள், தடிமனான கண்ணாடி, சஸ்பென்ஷன் இறுக்கம், ஸ்டீயரிங்கும் திருத்தம். பேப்பர்ல வர்ற மன்னிப்பு அறிக்கையெல்லாம் விடுங்க, ஒரு கம்பெனி மன்னிப்பு கேக்குறதுன்னா இதுதான்னு எனக்குப் படுது. விற்பனைங்கிறது பழைய பேருக்குக் கிடைச்ச வட்டி, அசல் கரையுதுன்னு அவங்களுக்குப் புரிஞ்சிருக்கு.

2015 ஏப்ரல்ல நியூயார்க்ல பச்சை கலர்ல ஒரு கூபே மாதிரி வண்டி. செப்டம்பர்ல பத்தாவது தலைமுறை சிடான். இந்தத் தடவை மாதிரிக்கும் நெசத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. அமெரிக்க சிவிக்ல முதல் முறையா டர்போ, 1.5 லிட்டர். உலகம் முழுக்கப் போற அந்த வண்டிக்கு முன்னோடி ஆலை ஒண்டாரியோவுல இருக்குற அலிஸ்டன். 2016 சிறந்த கார் விருது மறுபடி வீட்டுக்கு வந்துச்சு.

முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல? 106.3 அங்குலம். எடுத்த 1.2-ஐ அப்படியே திருப்பிக் குடுத்துட்டாங்க :-)

(பைத்தியங்க அதுலயும் குறை கண்டாங்க. ரேடியோ சத்தத்துக்குத் திருகுற குமிழ் இல்லன்னு ஒரே ரகளை. 2019 மாடல்ல அதுவும் திரும்ப வந்துச்சு. கத்தினாத்தான் கிடைக்கும் போல!)

போன மாசம் நண்பனைப் பார்க்க பேரி வரைக்கும் போனேன். வர்ற வழியில வேணும்னே அலிஸ்டன் பக்கம் வண்டிய விட்டேன். என் வண்டி சேசிஸ் நம்பர் 2-ல ஆரம்பிக்குது. 2-ன்னா கனடாவுல செஞ்சது. ஆலைக்கு எதிர்ல ரோட்டோரமா ஓரங்கட்டி அஞ்சு நிமிஷம் நின்னேன். எல்லாரும் திட்டின வருஷத்துல, பூகம்பத்துக்கு நடுவுல, கிடைச்ச பாகத்த வெச்சு யாரோ பூட்டின வண்டி. அவங்க வேலையில குறை இல்ல, மேல போட்ட கணக்குலதான் குறை. அந்தக் கெட்ட பேராலதான் விலை இறங்கி என் கைக்கு வந்துச்சு. பனியில மைனஸ் இருபதுல ஒரே திருகல்ல ஸ்டார்ட் ஆகுது. டாஷ்போர்டு டொக்கு டொக்குங்குது. ரெண்டும் உண்மைதான்.

கொசுறு: நம்ம ஊர்க்காரங்களுக்கு இந்த ஒன்பதாவது சிவிக்க தெரியவே வாய்ப்பில்ல. இந்தியாவுல 2006-ல எட்டாவது வந்துச்சு, 2013-ல நிறுத்தினாங்க. ஒன்பதாவது வரவே இல்ல. பத்தாவது 2019-ல வந்து, 2020 டிசம்பர்ல அதுவும் போச்சு. அவிநாசி ரோட்டுல எட்டாவது சிவிக் போனா திரும்பித் திரும்பிப் பார்த்த பயதான் நான்.

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்ல, வெறும் ஓட்டுனர். தப்பு இருந்தா பின்னூட்டத்துல குட்டுங்க. அப்படியே, நீங்க வருஷக்கணக்கா காத்திருந்து, வந்தப்புறம் 'இதுக்கா காத்திருந்தோம்'னு நொந்த வண்டியோ வேற பொருளோ இருந்தா அதையும் எழுதிட்டுப் போங்க. நான் போயி வண்டி மேல விழுந்த பனிய சொரண்டணும். வர்ட்டா!