கொள்ளிடக் கரையின் அடைக்கலம்: ஏலாக்குறிச்சியில் உருவான வழிபாட்டு மரபு

கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தின் தென்பகுதியில், திருமழபாடியும் ஏலாக்குறிச்சியும் ஒரே வட்டாரத்து ஊர்களாக அமைந்துள்ளன. திருமழபாடி அப்பர், சம்பந்தர், சுந்தரர் ஆகிய மூவராலும் பாடப்பெற்ற வைத்தியநாதசுவாமி கோயிலால் அறியப்படுவது; பங்குனியில் நடைபெறும் நந்தியெம்பெருமான் திருமணம் அதன் பெருவிழா. வீரமாமுனிவர் எனத் தமிழுலகம் அறிந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி பெஸ்கி, அடைக்கல மாதாவுக்குக் கோயில் எடுத்து ‘திருக்காவலூர்’ எனப் பெயரிட்ட ஊர் ஏலாக்குறிச்சி. இவ்விரு ஊர்களும் சார்ந்த நிலப்பகுதியில், இறைவனின் வழிநடத்துதலை நம்பி வாழ்தல் என்னும் கிறித்தவக் கோட்பாடு எவ்வெவ்வாறு மக்களின் சொந்த வழிபாடாக மாறியது என்பதை ஆராய்ந்தால், திருச்சபையின் சட்டங்களைக் காட்டிலும் இலக்கிய வடிவங்களும், ஊர் வழக்கங்களும், குரு இல்லாக் காலங்களில் பொதுமக்கள் ஏற்ற பொறுப்பும் அதற்கு மிகுதியாகத் துணைநின்றன என்பது புலனாகிறது.

இறைவன் அழைத்த வழியில் செல்லுதல் என்னும் எண்ணம் இவ்வட்டாரத்தில் கிறித்தவம் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நிலைபெற்றிருந்தது. காவிரியின் தென்கரையிலுள்ள திருவாலம்பொழிலில் சுந்தரர் துயின்றபோது, மழபாடிக்கு வர மறந்தாயோ என்று சிவபெருமான் கனவில் வினவியதாகவும், விழித்தெழுந்த அவர் உடனே ஆற்றைக் கடந்து வடகரைக்கு வந்து பதிகம் பாடியதாகவும் பெரியபுராணம் கூறுகிறது. வழி தவறும் அடியவனை இறைவனே கனவில் வந்து திருப்புவதும், அடியவன் தாமதமின்றிப் புறப்படுவதும், சென்று சேர்ந்த இடத்தில் தன் சொந்தப் பாட்டால் வணங்குவதும் ஆகிய மூன்று கூறுகளும் அந்தச் சிறு நிகழ்ச்சியில் ஒன்றுசேர்ந்துள்ளன. பின்னாளில் இதே கரையில் வளர்ந்த கிறித்தவ இலக்கியத்திலும் இம்மூன்றும் வேறொரு வரலாற்றின் வழியாக இடம்பெற்றன.

அவ்வரலாறு மதுரை மிஷன் எனப்படும் இயேசு சபைப் பணித்தளத்தோடு தொடங்குகிறது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி, கிறித்தவராவதற்குப் போர்த்துக்கீசியரின் உடையும் உணவும் பெயரும் தேவையில்லை என்று கருதிக் காவியுடுத்திய துறவியாக வாழ்ந்தார். குடுமி, பூணூல் முதலியவற்றைப் புதிய கிறித்தவர்கள் நிபந்தனைகளோடு வைத்துக்கொள்ளலாம் என்று திருத்தந்தை 15ஆம் கிரகோரி 1623இல் இசைவளித்தார். ஆயினும் உயர்சாதித் துறவியாகத் தோன்றிய குருவால் மற்றச் சாதியினரிடம் நெருங்கிப் பழக இயலாமையால், 1640இல் பல்தசார் தா கோஸ்தா தொடங்கி ‘பண்டாரசாமிகள்’ என்னும் இரண்டாம் வகைக் குருக்கள் உருவாயினர். சைவ மடங்களைச் சார்ந்த வேளாளத் துறவிகளைப் போல் உடுத்தி, எல்லாச் சாதியினரிடையிலும் சென்று வந்த இப்பண்டாரசாமிகளே காவிரிப் படுகையின் சிற்றூர்களில் கிறித்தவம் பரவக் காரணமாயினர்.

கொள்ளிடம் அக்காலத்தில் ஓர் அரசியல் எல்லையாகவும் விளங்கியது. தென்கரை தஞ்சை மராத்திய அரசர்களுக்கு உரியதாகவும், வடகரையின் இப்பகுதி அரியலூர் மழவராயர்களின் பாளையமாகவும் இருந்தன. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை அரசில் கிறித்தவர்கள் ஒடுக்கப்பட்டபோது, ஆற்றைக் கடந்தால் வேறோர் ஆட்சியின் கீழ் வந்துவிடலாம் என்ற நிலை வடகரைக் காடுகளை அடைக்கல இடமாக்கியது. ஏலாக்குறிச்சி மாதாவுக்கு அடைக்கல அன்னை என்னும் பெயர் நிலைத்ததை இந்தப் பின்னணியிலேயே பொருள்கொள்ள வேண்டும். அது இறையியல் கருத்தாக இருந்த அளவுக்கு, உயிர் பிழைக்க ஆற்றைக் கடந்த குடும்பங்களின் நினைவாகவும் இருந்தது.

1680இல் வட இத்தாலியின் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்து, 1710இல் கோவா வந்து, அடுத்த ஆண்டு மதுரை மிஷனில் சேர்ந்த வீரமாமுனிவர், தம் வாழ்வின் முக்கியமான ஆண்டுகளை ஏலாக்குறிச்சியைச் சார்ந்து கழித்தார். அரியலூர் மன்னர் ரங்கப்ப மழவராயருக்கு ஏற்பட்ட இராஜபிளவை என்னும் முதுகுக் கட்டியை அவர் மாதாவை வேண்டிக் குணப்படுத்தியதாகவும், அதற்கு நன்றியாக மன்னர் கோயிலுக்கு நிலம் வழங்கியதாகவும் ஊர் மரபு கூறுகிறது. அவரைப் பற்றி வழங்கும் இத்தகைய கதைகள் பலவும், புதுவை முத்துசாமிப் பிள்ளை 1822இல் எழுதிய வரலாற்றின் வழியாகவே பரவலாக அறியப்பட்டவை. கதையின் உண்மை எவ்வாறாயினும், வேறு சமயத்து ஆட்சியாளரின் ஆதரவில் மாதா கோயில் ஒன்று பாளையத்துக் கோயிலாக வளர்ந்தது என்பது அதன் உட்பொருள்.

அக்கோயிலின் வழிபாட்டுக்கு வீரமாமுனிவர் எடுத்துக்கொண்ட வடிவங்கள் யாவும் தமிழ் மரபுக்கு உரியவை. திருக்காவலூர்க் கலம்பகம் அவற்றுள் தலையாயது. கலம்பகம் என்பது பலவகைப் பாக்களும் பதினெட்டு உறுப்புகளும் கலந்து வரப் பாடப்படும் சிற்றிலக்கியம். தேவர்க்கு நூறு, அரசர்க்குத் தொண்ணூறு எனப் பாட்டுடைத் தலைவரின் தகுதிக்கேற்பப் பாடல் எண்ணிக்கையையும் பாட்டியல் நூல்கள் வரையறுத்துள்ளன. பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் மீதும், பின்னர்த் திருவரங்கன் மீதும் பாடப்பட்ட அந்த வடிவத்தில், வடகரைச் சிற்றூர் ஒன்றில் கோயில்கொண்ட மரியன்னையைப் பாடியதன் வழியாக, அந்த ஊர் தமிழ் இலக்கியத்தின் திருத்தல வரிசையில் இடம்பெற்றது. அடைக்கல மாலையும் அன்னை அழுங்கல் அந்தாதியும் இதே நோக்கில் எழுந்தவை. கித்தேரியம்மாள் அம்மானையோ கற்றோர்க்கன்றி எளிய மக்களுக்காகப் பாடப்பட்டது. காய்களை வீசிப் பிடித்து ஆடும் மகளிர் விளையாட்டில் பாடப்படும் பாட்டிலிருந்து நீண்ட கதைப்பாடலாக வளர்ந்த அம்மானை வடிவம், எழுத்தறியாதவரும் செவிவழியாகக் கற்று வீட்டில் பாடத்தக்கது. உருவ வழிபாட்டிலும் இதே போக்கைக் காணலாம்: விருத்தாசலம் அருகிலுள்ள கோணான்குப்பத்தில் அவர் எடுத்த கோயிலில் மாதா பெரியநாயகி என்னும் பெயருடன் தமிழ்ப் பெண்ணின் சேலையுடுத்தி நிற்கிறாள்.

1726இல் நிறைவுற்ற தேம்பாவணி இறைவனின் வழிநடத்துதலைப் பற்றிய அவருடைய பெருநூலாகும். மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்ட இக்காப்பியத்தின் தலைவராக, இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பரை, வளன் என்னும் தமிழ்ப் பெயரால் அவர் அமைத்தார். காப்பியத் தலைவன் நிகரில்லாத் தலைவனாக இருத்தல் வேண்டும் என்பது தண்டியலங்காரத்தின் விதி; அவ்விடத்தில் ஒரு தச்சுத் தொழிலாளியை அமர்த்தியது துணிவான தேர்வு. நற்செய்தி நூல்களில் சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. மரியாவை ஏற்றுக்கொள்வதும், குழந்தையோடு எகிப்துக்குத் தப்பிச் செல்வதும், திரும்பி வருவதும், கலிலேயாவில் குடியேறுவதும் ஆகிய நான்கையும் அவர் கனவில் பெற்ற ஆணைகளின்படி மறுமொழியின்றிச் செய்ததாக மத்தேயு எழுதுகிறார். பேசாத அம்மனிதரின் கீழ்ப்படிதலை, ஸ்பெயின் நாட்டுத் துறவி ஆகிர்தா மரியாவின் நூலைத் துணைக்கொண்டு, நாட்டுப்படலமும் நகரப்படலமும் உடைய தமிழ்க் காப்பியமாக வீரமாமுனிவர் விரித்தார். அரசனின் வாளுக்குத் தப்பி இரவோடிரவாக எல்லை கடந்த ஒரு குடும்பத்தின் கதை, தஞ்சை அரசிலிருந்து கொள்ளிடம் தாண்டி வந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு அயலாரின் கதையாக இருந்திருக்க முடியாது.

இத்தகைய இலக்கியம் ஒருபுறம் வளர்ந்தாலும், அன்றாட வழிபாடு வேறு வழிகளில் நடந்தது. குரு நிறைவேற்றும் திருப்பலி, அதாவது அப்பமும் இரசமும் ஒப்புக்கொடுக்கும் கத்தோலிக்கத் தலைமை வழிபாடு, முற்றிலும் இலத்தீன் மொழியில் இருந்தது. குருக்களோ மிகச் சிலராதலால், ஓர் ஊரார் அதைக் காண நெடுநாள் காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலம் முழுவதையும் உபதேசியார் அல்லது வேதியர் எனப்பட்ட பொதுநிலைப் பணியாளர்களே நிரப்பினர். ஊராரைக் கூட்டிச் செபம் சொல்வது, சிறுவர்க்கு ஞானோபதேசம் கற்பிப்பது, சாகும் தறுவாயில் இருப்பவர்க்குத் தண்ணீர் வார்த்து ஞானஸ்நானம் கொடுப்பது, இறந்தவரை அடக்கம் செய்வது ஆகியவை அவர்களின் பணிகள். இவர்களுக்காகவே வீரமாமுனிவர் 1727இல் வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலை எழுதினார். திருச்சபையின் தலைமை வழிபாடு அயல்மொழியில் எப்போதாவது நிகழ, செபமாலையும் புலம்பலும் அம்மானையும் தேர்பவனியும் தமிழில் நாள்தோறும் ஆண்டுதோறும் நிகழ்ந்தமையால், மக்கள் தம் குறைகளையும் நேர்ச்சைகளையும் இறைவனிடம் கொண்டுசென்ற மொழியும் முறையும் பெரும்பாலும் அவர்கள் கையிலேயே இருந்தன.

சொந்த வழிபாட்டுக்கு இதே காலத்தில் முற்றிலும் வேறான வழியொன்றும் திறந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய லுத்தரன் போதகர் சீகன்பால்கு, தமிழில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டை 1715இல் முழுமையாக அச்சிட்டு முடித்தார். ஒவ்வொருவரும் வேதத்தைத் தாமே படித்து, அதில் இறைவனின் குரலைக் கேட்க வேண்டும் என்பது அவர் சார்ந்த பக்திநெறி இயக்கத்தின் கொள்கை. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து தஞ்சைப் படையில் சேர்வைக்காரராகப் பணியாற்றிய ராஜநாயக்கன், அச்சிட்ட நற்செய்தி நூலைப் படித்து அதனால் ஈர்க்கப்பட்டு, 1720களில் தரங்கம்பாடி மிஷனோடு சேர்ந்து, பின்னர் அதன் உபதேசியாராக நெடுங்காலம் உழைத்தார். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த ஒரு படைவீரர் தம் கையிலிருந்த புத்தகத்தின் துணையால் தம் சமயப் பாதையைத் தாமே தேர்ந்தது அக்காலத்தில் பெரும் பூசலை எழுப்பியது. வீரமாமுனிவர் இப்போக்கைக் கடுமையாக எதிர்த்தார். அவருடைய வேத விளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு ஆகியவை இம்மோதலில் பிறந்தவை. பாட்டாலும் உருவத்தாலும் விழாவாலும் இறைவனை அணுகிய மரபும், படிப்பாலும் தனிச்செபத்தாலும் அணுகிய மரபும் காவிரிப் படுகையின் கிறித்தவத்தை இவ்வாறு ஒரே தலைமுறையில் இருபுறமும் வடிவமைத்தன.

மக்கள் வழக்கங்களுக்கு எதிர்ப்பு உரோமையிலிருந்தும் வந்தது. திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் 1704இல் வெளியிட்ட ஆணை, ஞானஸ்நானத்தில் உமிழ்நீர்ச் சடங்கை விலக்குதல், பிள்ளையார் உருவம் பொறித்த தாலி, பெண்களின் பூப்புச் சடங்கு முதலிய பலவற்றைத் தடைசெய்தது. கிறித்தவ இசைக்கலைஞர் பிற சமயக் கோயில்களில் வாசிப்பதையும் விலக்கியது. மலபார்ச் சடங்குகள் பூசல் எனப்படும் இவ்விவாதம் நாற்பது ஆண்டுகள் நீண்டு, 14ஆம் பெனடிக்ட் 1744இல் வெளியிட்ட ஆணையால் முடிவுக்கு வந்தது. இதில் ஒரு பகுதியைத் தனியே நோக்க வேண்டும். நோயுற்ற பறையர் வீடுகளுக்குள் குருக்கள் நேரில் சென்று திருவருட்சாதனங்களை வழங்க வேண்டும் என்றும் தூர்னோனின் ஆணை வற்புறுத்தியது. உள்ளூர் வழக்கத்துக்கு இடமளித்தல் என்னும் அதே கொள்கை சாதி விலக்கையும் வழக்கமென ஏற்றிருந்ததால், உரோமையின் தடை சிலருக்கு இழப்பாகவும் சிலருக்கு நியாயமாகவும் அமைந்தது. அடைக்கலம் எல்லார்க்கும் ஒரே அளவில் கிட்டவில்லை என்பதை மறைத்து இவ்வட்டாரத்தின் வழிபாட்டு வரலாற்றை எழுத இயலாது.

வீரமாமுனிவர் 1747இல் கேரளத்து அம்பலக்காட்டில் மறைந்தார். 1773இல் இயேசு சபையே கலைக்கப்பட, அரை நூற்றாண்டுக்கு மேலாக மதுரை மிஷன் போதிய குருக்களின்றித் தளர்ந்தது. 1830களில்தான் இயேசு சபையார் மீண்டும் இங்கு வந்தனர். இந்த நீண்ட இடைவெளியில் கிறித்தவம் அழியாமல் நின்றதற்கு உபதேசியார்களும், பாடம்செய்து வைத்திருந்த செபங்களும், ஆண்டுத் திருவிழாவும் பெரிதும் காரணமாயின. 1899இல் நிறுவப்பட்ட கும்பகோணம் மறைமாவட்டத்துக்கு உட்பட்ட ஏலாக்குறிச்சிக்கு இன்றும் பல சமயத்தார் நேர்ச்சைக்காக வருகின்றனர். தென்கரையில் வீரமாமுனிவரோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் பூண்டி மாதா ஆலயம் 1999இல் பசிலிக்கா என்னும் தகுதி பெற்றது.

மக்களின் தாய்மொழிக்கும் பண்பாட்டுக்கும் வழிபாட்டில் இடமளிக்கலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் அறிவித்த பிறகே திருப்பலி தமிழில் ஒலித்தது. கொள்ளிடக் கரையில் பார்த்தால், அந்த இசைவு தாமதமாக வந்த ஒப்புதலாகும். இறைவன் வழிநடத்துவான் என்று நம்பிய மக்கள் அவனோடு பேசும் முறைக்கு ஆணையை எதிர்நோக்கவில்லை; குரு வராத மாதங்களில் தாங்கள் அறிந்த அம்மானையிலும் மாலையிலும் அந்தாதியிலும் பேசினர், சிலர் புத்தகத்தைத் திறந்து தனியே கேட்டனர். அவ்வழிகளுள் எவை நிலைக்கும் என்பதைக் காலம் செல்லச் செல்லத் தீர்மானித்ததும் அவற்றைத் தலைமுறைதோறும் பாடியும் படித்தும் வந்த அதே மக்களே.