சம்மட்டியிலிருந்து சங்கிலிக் குண்டுக்கு: ஓர் எறிபோட்டியும் இடப் பிரச்சினையும்

ஒரே போட்டிக்குத் தமிழில் இரண்டு பெயர்கள். தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் ‘சங்கிலிக் குண்டு எறிதல்’ என்று எழுதுகின்றன. யாழ்ப்பாணப் பாடசாலைப் போட்டி முடிவுகளில் அது ‘சம்மட்டி எறிதல்’. மும்பை தாராவியில் மராத்தி வாத்தியாரிடம் விளையாட்டு கற்ற தமிழ்ப் பிள்ளைக்கு அது ‘ஹாதோடாஃபேக்’. வேடிக்கை என்னவென்றால், இன்றைய கருவியில் சம்மட்டியும் கிடையாது, சங்கிலியும் கிடையாது. ஓர் உலோகக் குண்டு, ஓர் எஃகுக் கம்பி, ஒரு கைப்பிடி; ஆண்களுக்கு எல்லாம் சேர்த்து 16 பவுண்டு, அதாவது 7.26 கிலோ எடை, அவ்வளவுதான். இந்த இரு பெயர்களுக்கும் இடையில் கிடக்கும் வரலாறு எறிகருவியின் வரலாறு மட்டுமல்ல. இடத்தின் வரலாறும்கூட என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் இது கிராமத்து வீர விளையாட்டு. கொல்லன் பட்டறைச் சம்மட்டி, மரப்பிடியோடு. நம்மூர் இளவட்டக்கல் போல, யார் பலசாலி என்று ஊருக்குக் காட்டும் ஏற்பாடு. 1860களில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் கையில் அது முறையான போட்டியானது. 1866இல் இங்கிலாந்தின் முதல் தடகள சாம்பியன் போட்டியிலும் இடம்பெற்றது. அன்று எறிபவர் புல்வெளியில் ஓடிவந்து வீசலாம். பிறகு ஒவ்வொன்றாகக் கட்டுப்பாடு வந்தது. ஓட்டம் போய் வட்டம் வந்தது. வட்டமும் 7 அடிக்குச் சுருங்கியது. மரப்பிடி போய்க் கம்பி வந்தது. குண்டு விழவேண்டிய பரப்புக்கும் எல்லைக்கோடு போட்டார்கள். எறிபவரைச் சுற்றி வலைக்கூண்டும் எழுந்தது. விந்தை, இடம் குறையக் குறையத் தூரம் கூடிக்கொண்டே போனது. காலால் ஓடிப் பெற்ற வேகத்தை நின்ற இடத்திலேயே சுழன்று பெறக் கற்றுக்கொண்டார்கள்.

1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இந்தப் போட்டி இல்லை. 1900 பாரிஸில் சேர்த்தார்கள். ஆனால் மைதானம் என்று கொடுத்தது மரங்கள் அடர்ந்த ஒரு பூங்காவின் புல்வெளி. வீசியவை மரங்களில் மோதின. வென்றவர் அயர்லாந்தின் லிமெரிக் பக்கம் பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஜான் ஃபிளனகன். அதே புல்வெளியில், அதே ஜூலையில்தான் கல்கத்தாவின் நார்மன் பிரிட்சார்ட் இரண்டு வெள்ளிப் பதக்கங்கள் ஓடிப் பெற்றார். ஃபிளனகன் 1904, 1908 ஒலிம்பிக்குகளிலும் தங்கம் வென்றார். 1908 லண்டனில் அவர் எறிந்த தூரம் 51.92 மீட்டர். அங்கே முதல் மூன்று இடத்தையும் பிடித்தவர்கள் அயர்லாந்தில் பிறந்தவர்களே. 1913இல் பாட் ரயன் எறிந்த 57.77 மீட்டர், சர்வதேசத் தடகளக் கூட்டமைப்பு ஏற்ற முதல் உலக சாதனை. 25 ஆண்டுகள் அசையவில்லை. ஃபிளனகனும் 1912இல் வென்ற மாட் மெக்ராத்தும் நியூயார்க் போலீஸ்காரர்கள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும், திரும்ப வருவேன்.

7 அடி வட்டம் என்றால் 2.135 மீட்டர் விட்டம். தாராவியில் ‘கோலி’ எனப்படும் பத்துக்குப் பத்து அடி ஒற்றை அறை வீடு ஒன்றில் அந்த வட்டத்தைத் தாராளமாக வரையலாம், ஓரத்தில் தண்ணீர் டிரம் வைக்கவும் இடமிருக்கும். எறியத்தான் முடியாது. வாசலுக்கு வெளியே 90 அடிச் சாலை, பெயர்ப்படி பார்த்தால் 27.4 மீட்டர் அகலம். ஃபிளனகனின் குண்டு அப்படி ஒரு சாலையைத் தாண்டி, இன்னொன்றின் மறுகரையை நெருங்கித்தான் தரை தொடும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஜிம்கானாக்கள் உண்டு. கிரிக்கெட் மட்டை சுழலும் மைதானத்தில் 7 கிலோ இரும்பைச் சுழற்ற யார் சம்மதிப்பார்?

1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு இந்தியர் போக முன்னின்றவர் பம்பாயின் தோராப்ஜி டாடா. சென்றவர்கள் நான்கு ஓட்டக்காரர்கள், இரண்டு மல்லர்கள். எறிபவர் ஒருவர்கூட இல்லை. மல்யுத்தத்துக்கு அகாடா என்ற பயிற்சிக்களம் இருந்தது, ஓட்டத்துக்குத் தெரு போதும்; இந்தப் போட்டிக்கோ ஆளில்லாத வெளி வேண்டும். 1948 லண்டனில் நாட் சிங் சோம்நாத் இந்தியாவுக்காக எறிந்தார். 1954 வான்கூவர் காமன்வெல்த் போட்டியில் பாகிஸ்தானின் முகமது இக்பால் தங்கமே வென்றார்.

அடுத்துப் பஞ்சாபின் பிரவீண் குமார் சோப்தி. எல்லைப் பாதுகாப்புப் படைக்காரர். நியூயார்க்கில் போலீஸ் உடுப்பு செய்ததை இங்கே படை உடுப்பு செய்தது என்பது என் கணிப்பு: சாப்பாடு, நேரம், வெளி. 1966 கிங்ஸ்டன் காமன்வெல்த் போட்டியில் இவருக்கு இந்தப் போட்டியில் வெள்ளி. அதே ஆண்டு பாங்காக் ஆசியப் போட்டியில் வெண்கலம், வட்டெறிதலில் தங்கம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கிலும் எறிந்தார்.

பம்பாய் அவரை அறிந்தது மைதானத்தில் அல்ல. பி.ஆர். சோப்ராவின் ‘மகாபாரத்’ தொடரில் அவர்தான் பீமன். 1988இலிருந்து ஞாயிறு காலைகளில் கோலிக்குக் கோலி தூர்தர்ஷன் ஓடியது. 1990 தீபாவளிக்கு வந்த ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தில் அவரே பீம் பாய். அந்தப் பெயரைச் சொன்னால் சிரிக்காத தமிழர் இல்லை. முதலாளி பணத்தை விட்டெறியச் சொல்லும் ஆள் உண்மையிலேயே எறிவீரர் என்பது பலருக்குத் தெரியாது.

பீமன் தோளில் சாய்த்த கதாயுதத்தைக் கவனித்தவர்களுக்கு ஒன்று புலப்பட்டிருக்கும்: ஒரு குண்டு, விறைத்த ஒரு பிடி. கம்பி வருவதற்கு முன்னிருந்த சம்மட்டிக்கு மிக நெருங்கிய வடிவம் அதுதான்.