சிவகங்கைக் கரி

ஞாயிறு மாலை சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் நிலையத்திலிருந்து ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் நடந்தால், கூடிக் கூடிப் பேசிக்கொண்டிருப்பவர்களிடம் ஊர் கேட்டுப் பார்க்கலாம். மன்னார்குடி, அறந்தாங்கி, சிவகங்கை என்று பதில் வரும். சிவகங்கை மண்ணில் கிராஃபைட் கிடைப்பது அந்த ஊர்க்காரர்களிலேயே எத்தனை பேருக்குத் தெரியுமோ! பென்சில் முனையில் இருக்கிற அதே கரிதான்.

சிங்கப்பூருக்கு அந்தச் சீமை பழைய உறவு. அங்கிருந்து வட்டித்தொழில் செய்ய வந்த நகரத்தார் 1859-இல் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயிலைக் கட்டினார்கள். அதே 1859-இல்தான் ஆக்ஸ்ஃபோர்டு வேதியியலாளர் பெஞ்சமின் பிராடி, பொட்டாசியம் குளோரேட்டும் நைட்ரிக் அமிலமும் கொண்டு கிராஃபைட்டைத் திரும்பத் திரும்பப் பதப்படுத்திய சோதனையை வெளியிட்டார். கிடைத்தது கிராஃபைட் ஆக்சைடு. மனிதர் அத்தோடு நிற்கவில்லை. கிராஃபைட்டில் உள்ள கரியை அணு எடை 33 கொண்ட தனி வகையாகக் கருதி, 'கிராஃபான்' என்று பெயரும் சூட்டினார். பெயர் மறைந்தது, பொருள் தங்கிவிட்டது.

1958-இல் ஹம்மர்ஸும் ஆஃப்மேனும் கந்தக அமிலம், சோடியம் நைட்ரேட், பொட்டாசியம் பெர்மாங்கனேட் என்று சேர்மானத்தை மாற்றினார்கள். வேலை சில மணி நேரத்தில் முடிந்தது. ஆனால் சூடு கை மீறினால் வெடிக்கும். கழுவிக் கொட்டும் அமில நீர் வேறு.

அமிலத்தைக் குறைக்க அரைத்துப் பார்த்தால் என்ன?

சிவகங்கையில் தமிழ்நாடு கனிம நிறுவனம் அரைப்பதற்குக் காரணம் வேறு. அங்கே பாறையில் கரி ஏறத்தாழ 14 விழுக்காடுதான். நொறுக்கி, பால் மில்லில் அரைத்து (பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சுழலும் உருளைக்குள் குண்டுகள் உருண்டு மோதும்), நீரில் கலந்து காற்றை ஊதுவார்கள். கிராஃபைட்டில் தண்ணீர் ஒட்டாது. குமிழியைப் பற்றிக்கொண்டு கறுப்பு நுரையாக மேலே வரும். மண் அடியில் தங்கும். பெரிய செதிலுக்குத்தான் விலை. அதனால் மிஞ்சி அரைத்துவிடக் கூடாது.

சுரங்கக்காரர் பயப்படும் அந்த அதிக அரவையைத்தான் ஆய்வகம் தேடிப் போனது. 2012-இல் தென்கொரிய ஆய்வாளர்கள் கிராஃபைட்டையும் உலர் பனிக்கட்டியையும் (உறைந்த கரியமில வாயு) பால் மில்லில் போட்டு 48 மணி நேரம் ஓட்டினார்கள். கிராஃபைட்டின் ஏடுகள் உடைந்தன, உடைந்த விளிம்புகளில் கரியமில வாயு ஒட்டிக்கொண்டது. அமிலத்தில் ஊறிய ஆக்சைடில் ஏடு முழுக்க ஆக்சிஜன் ஏறியிருக்கும்; இதில் ஓரத்தில் மட்டும். அதனால் இரண்டையும் ஒன்றென்று சொல்வது சரியாகாது.

ஃபேரர் பார்க்கில் ரயிலேறி ஹார்பர்ஃபிரண்டில் மாறினால் கெண்ட் ரிட்ஜ். கிராஃபைட்டின் ஒற்றை ஏடுதான் கிராஃபீன். அதன் ஆய்வு நோபல் பரிசு பெற்ற 2010-இலேயே, அங்குள்ள சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் அதற்கென ஓர் ஆய்வு மையம் திறந்தது. பரிசு பெற்ற இருவரில் ஒருவரான கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் 2019-இல் அங்கேயே பேராசிரியராக வந்து சேர்ந்தார்.