கேத்தியில் ஒரு விதைப்புக் காலம்

நீலகிரியில் மாசி முடிவில் உறைபனி விலக, பங்குனியில் உழவு தொடங்கும். 19 ஆம் நூற்றாண்டுப் படகர் ஊர்களில் ஆடவர் எருமை கறந்தனர். பெண்டிர் வயலில் உழைத்தனர். முதல் விதைப்பைத் தொடங்கி வைக்கக் குறும்பர் பூசகராக வருவதுண்டு.

இத்தகைய ஊர்களின் நடுவே 1846 இல் பாசல் மிஷன் கேத்தியில் பணி தொடங்கிற்று. ஓய்வுபெற்ற நீதிபதி ஜார்ஜ் காசாமேஜர் படக மொழியைக் கற்று, லூக்கா நற்செய்தியை அம்மொழியிற் பெயர்க்க முற்பட்டார். 1849 இல் மறைந்தபோது தம் உடைமையை மிஷனுக்கே விட்டுச்சென்றார். மெட்ஸ் ஐயர் ஊர் ஊராக நடந்து மக்களின் வழக்கங்களை அறிந்து எழுதினார். எனினும் முதற் படகர் ஞானஸ்நானம் பெற்றது 1858 இலேயே.

இப்பன்னிரண்டு ஆண்டுகளை மலட்டுக் காலம் என்று கூறுதல் தகுமோ? விதைப்பு ஊரார் அனைவரின் வழிபாடாக இருந்தது. அதனின்று ஒருவன் விலகினால், அவன் தன் பழைய சமயத்தை மட்டுமன்று, அயலாரின் விளைச்சலையும் கைவிட்டவனாகவே எண்ணப்படுவான். அவன் தயக்கம் அவிசுவாசம் மட்டுமன்று. அயலார்பால் கொண்ட கடப்பாடும் அதில் உண்டு.

ஞானஸ்நானப் பதிவேடு ஆண்டைக் கூறும், வயலைக் கூறாது. சபை வரலாறு எழுதப் புகுவோர் இரண்டையும் வாசித்தல் வேண்டும்.