எழும்பூர் நிலையமும் இருவகைப் பாதையும்

சென்னை மாநகர்க்கு வெளியூரினின்று வருவோரும் அங்கிருந்து புறப்படுவோரும் தம்முள் வினவிக்கொள்ளும் முதல் வினா, ‘எக்மோரா, சென்ட்ரலா?’ என்பதாகும். ஏறத்தாழ 2 கிலோமீட்டர் இடைவெளியில் பெருநிலையங்கள் இரண்டு ஒரு நகரில் ஏன் அமைந்தன என்பதையோ, தஞ்சைக்குச் செல்பவர் ஒன்றையும் கோவைக்குச் செல்பவர் மற்றொன்றையும் நாட வேண்டுவது ஏன் என்பதையோ அவ்வாறு வினவுவோர் பெரும்பாலும் ஆராய்வதில்லை. நகர வரலாறு எழுதியோருள்ளும் பலர் இந்நிலையங்களின் மாடங்களையும் வளைவுகளையும் புனைந்துரைத்தமைந்தனரேயன்றி, இவ்வினாவிற்குள் புகுந்தாரில்லை. எழும்பூர் நிலையத்தின் அமைப்பும் அதனை மக்கள் பயன்படுத்திய முறையும், தண்டவாளங்கள் இரண்டிற்கு இடைப்பட்ட அகலத்தால் அறுதியிடப்பட்டவை என்பது எமது கருத்து. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் பெயர் பற்றிச் சில சொல்லுதல் வேண்டும். சோழர் காலக் கல்வெட்டுகளில் எழுமூர் நாடு என்னும் நாட்டுப் பிரிவு குறிக்கப்பெறுகின்றது. ஆகவே, கோட்டையும் கும்பினியும் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இவ்வூர் ஒரு நாட்டிற்குப் பெயர் தரும் அளவிற்குச் சிறப்புற்றிருந்தது. 1693இல் தண்டையார்ப்பேட்டை, புரசைவாக்கம் ஆகியவற்றோடு எழும்பூரும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்கு மாறியது. தமிழின் ழகரத்தை நாவால் ஒலிக்கவும் தம் எழுத்தால் எழுதவும் வகையறியாத அவர்கள் அதனை ‘எக்மோர்’ ஆக்கினர். எழுமூர் என்பது எழும்பூர் ஆனமைக்கு, ‘எழும்பு’ என்னும் வினையோடு மக்கள் அதனை இயைத்துக்கொண்டமையே காரணமாதல் கூடும். மகரத்தின்பின் பகரம் தோன்றுதல் பேச்சில் இயல்பே. ‘ஏழு ஊர்கள் சேர்ந்தமையால் ஏழூர், அதுவே எழும்பூர்’ என்று கூறுவாரும் உளர். கல்வெட்டு வடிவம் குறிலை முதலாகக் கொண்டிருத்தலின் அக்கூற்று பொருந்துவதன்று. நிலையத்தின் பெயர்ப் பலகை தமிழில் ‘சென்னை எழும்பூர்’ என்று காட்ட, அதன்கீழ் நிற்கும் மக்கள் ‘எக்மோர்’ என்றே வழங்குவது, பலகை வேறு வழக்கு வேறு என்பதற்கு நல்லதொரு சான்று.

இனிப் பாதை பற்றிக் காண்போம். தென்னாட்டின் முதற் புகைவண்டி 1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்தினின்று வாலாஜா சாலை வரை ஓடியது. அதனை ஓட்டிய சென்னை இரயில்வேக் கும்பினியார் தண்டவாளங்களுக்கிடையே 5 அடி 6 அங்குல அகலம் வைத்தனர்; இஃதே அகலப் பாதை. மேற்கு நோக்கிய இப்பாதை அரக்கோணம், சோலையார்பேட்டை, சேலம், போத்தனூர் வழியே சென்று 1862இல் மேலைக் கடற்கரையின் பேப்பூரை எட்டியது. இக்கும்பினியாரின் மற்றொரு நிலையமாக 1873இல் தோன்றியதே சென்ட்ரல். தெற்கு நோக்கிய பாதையின் கதை வேறு. கும்பினிகள் இரண்டு இணைந்து 1874இல் உருவான தென்னிந்திய இரயில்வே, செலவு குறைதல் கருதி ஒரு மீட்டர் அகலமே கொண்ட பாதையை மேற்கொண்டது. முன்னர் அகலப் பாதையாய் இருந்த நாகப்பட்டினம், திருச்சிராப்பள்ளி, ஈரோடு வழியினையும் அது மீட்டர் பாதையாகக் குறுக்கிற்று. செங்கற்பட்டு, விழுப்புரம், தஞ்சை, மதுரை, நெல்லை எனத் தென்மாவட்டங்கள் அனைத்தும் இக்குறும்பாதையால் சென்னையோடு இணைந்தன.

ஒரு பாதையின் வண்டி மற்றொரு பாதையில் ஓடாது. எனவே ஒன்றன் நிலையம் மற்றதற்குப் பயன்படாது. காசியினின்று இராமேச்சுரம் செல்லும் வடநாட்டு யாத்திரிகரும், கும்பகோணத்தினின்று காசி செல்லும் நம்மவரும் சென்னையில் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி, ஜட்கா வண்டி பிடித்து ஒரு நிலையத்தினின்று மற்றொன்றிற்குப் போதல் வேண்டியதாயிற்று. இவ்விரண்டு கிலோமீட்டர்த் தொலைவில் உழைத்துப் பிழைத்த வண்டிக்காரர், சுமைகூலியர், சத்திரக்காரர் ஆகியோரின் வாழ்வும் தண்டவாள அகலத்தால் விளைந்ததே.

மூவேந்தரும் இப்பாதை வேறுபாட்டிற்கு ஆட்பட்டமை ஈண்டு நினைக்கத்தக்கது. விடுதலைக்குப் பின் விரைவு வண்டிகளுக்குத் தமிழ்ப்பெயர் சூட்டும் வழக்கம் பரவியபோது, திருச்சிராப்பள்ளி வண்டி சோழன் எனவும், மதுரை வண்டி பாண்டியன் எனவும், கோவை வண்டி சேரன் எனவும் பெயர் பெற்றன. சோழனும் பாண்டியனும் எழும்பூரினின்று புறப்பட, சேரன் மட்டும் சென்ட்ரலினின்று புறப்படுகின்றது. பல்லவனும் வைகையும் எழும்பூரின்பாற்பட்டவை. நீலகிரியும் ஏற்காடும் சென்ட்ரலின்பாற்பட்டவை. கொங்கு நாடு 1862இலேயே அகலப் பாதையிற் சேர்ந்துவிட்டமையே இதற்குக் காரணம். வஞ்சி கருவூரா, மேலைக் கடற்கரை ஊரா என்று புலவர்கள் பல்லாண்டு வழக்கிட்டிருக்க, இரயில்வேயார் சேரன் என்னும் பெயரைக் கொங்கு நாட்டு வண்டிக்கு இட்டு வழக்கை ஒருவாறு தீர்த்துவிட்டனர் போலும்! மாணவர் ‘எந்த வண்டி எந்த நிலையம்’ என்பதை மனத்திருத்த வேண்டின், நேர அட்டவணையினும் இவ்வொரு செய்தி மிகப் பயன்படும்.

எழும்பூர் நிலையம் 1908இல் தோன்றியது என்று பலரும் எழுதுகின்றனர். இது திருத்தப்படுதல் வேண்டும். 1908 ஜூன் 11இல் திறக்கப்பெற்றது இன்று நாம் காணும் கட்டடமேயன்றி நிலையம் அன்று. மேனாடு சென்று மீண்ட விவேகானந்தர், கும்பகோணத்தினின்று புறப்பட்டு 1897 பிப்ரவரி 6ஆம் நாள் எழும்பூர் நிலையத்தில் இறங்கியதும், அங்கிருந்து ஊர்வலமாக அழைத்துச் செல்லப்பட்டதும் நாடறிந்த செய்தி. அவர் இறங்கிய நிலையம் இக்கட்டடத்திற்கு முற்பட்டது. கட்டடத்தின் வயதை நிலையத்தின் வயதாகக் கொள்ளும் இப்பிழை, கோயிற் கருங்கற் பணியின் காலத்தையே தலத்தின் காலமாகக் கொள்ளும் பிழையோடு ஒத்தது. தென்மாவட்ட மக்கள் சென்னையில் வந்திறங்கிய வரலாற்றில் ஒரு தலைமுறைக் காலம் இதனால் மறைந்துபோகின்றது.

புதிய கட்டடத்தின் பணி 1905இல் தொடங்கிற்று. முற்காலத்தில் எழும்பூரில் கும்பினியார் அமைத்திருந்த சிறு காவற்கோட்டையோடு தொடர்புடைய நிலம் இது. தேவைப்பட்ட நிலத்தின் ஒரு பகுதி, பிரிட்டன் சென்று மருத்துவப் பட்டம் பெற்ற முன்னோடித் தமிழரான மருத்துவர் பல்னி ஆண்டியிடமிருந்து விலைக்குக் கொள்ளப்பட்டது. கட்டடத்தை வரைந்தவர் ஹென்றி இர்வின். சென்னை உயர்நீதிமன்றம், மைசூர் அரண்மனை ஆகியவற்றின் பணிகளிலும் இவர் பெயர் நிலைத்துள்ளது. ஏற்றுக் கட்டியவர் பெங்களூர்ச் சாமிநாத பிள்ளை. செலவு ஏறத்தாழ 17 இலட்சம் உரூபாய். செங்கல்லும் கருங்கல்லும் விரவிய சுவர்களும், கூர்வளைவுகளும், குவிமாடங்களும் உடைய இது, இந்தோ-சாரசெனிக் என வழங்கும் கலப்பு முறையைச் சார்ந்தது. இதன் அழகைப் பற்றி எழுதியோர் பலராதலின் யாம் விரிக்கவில்லை. ஒன்று மட்டும் கூறுவோம். நிலையத்தின் முன்னுள்ள காந்தி-இர்வின் சாலையைக் கட்டடக் கலைஞர் இர்வினோடு இயைத்துரைப்பார் சிலர். சாலைப் பெயரில் உள்ளவர், 1931இல் காந்தியடிகளோடு உடன்படிக்கை செய்துகொண்ட அரசப் பிரதிநிதி இர்வின் பிரபு. எதிரெதிரே நிற்கும் பெயர்கள் ஒன்றாயிருப்பினும் ஆள் வேறு.

நிலையத்தின் உட்புறத்தை நோக்குவோம். முகப்பு தெற்கே காந்தி-இர்வின் சாலையை நோக்கியது. பின்புறம் வடக்கே பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை. ஊர்தியில் வந்த செல்வர் நடைமேடை வரை ஊர்தியிலேயே சென்று இறங்குதற்கு வழி விடப்பட்டிருந்தமை இந்நிலையத்தின் தனிச்சிறப்பாகப் பேசப்படுவது. அச்சிறப்பு யாருக்கு என்பதையும் உடன் கேட்டல் வேண்டும். மூன்றாம் வகுப்புப் பயணி அவ்வழியே வந்தவனல்லன். அவ்வகுப்புப் பெயர் 1974இல்தான் நீங்கியது. வகுப்பு வேற்றுமையினும் கொடியது சாதி வேற்றுமை. தென்னிந்திய நிலையங்களின் உணவுச்சாலைகளில் பிராமணர்க்கு ஓரிடமும் ஏனையோர்க்கு வேறிடமும் வகுக்கப்பட்டு, ‘பிராமணாள்’, ‘இதராள்’ எனப் பலகைகள் தொங்கிய காலம் உண்டு. ஒரே வண்டியில், ஒரே கட்டணத்தில், ஒரே பலகையில் அமர்ந்து வந்த இருவர் பசியாறுவதற்கு இருவேறு கதவுகளைத் தேட வேண்டியிருந்தது. பெரியார் ஈ.வெ.ரா. முதலியோர் எழுப்பிய எதிர்ப்பின் விளைவாக 1941இல் இவ்வேற்றுமை இரயில்வே உணவுச்சாலைகளினின்று நீக்கப்பெற்றது. நிலையத்தில் வழியறிதல் என்பது அக்காலத்தில் எண்ணையும் அம்புக்குறியையும் அறிதல் மட்டுமன்று. தனக்கு எந்தக் கதவு திறந்துள்ளது என்பதை அறிதலுமாம். மாடங்களைப் புகழும் கட்டுரைகள் இதனைச் சொல்லாது விடுதல் முறையன்று.

நடைமேடை எண்களைப் பற்றியும் ஒரு சொல். 2022 மே 26இல் அடிக்கல் நாட்டப்பெற்ற மறுசீரமைப்பிற்கு முன் இங்கு நடைமேடைகள் 11 இருந்தன. 1, 2, 3 என்பவை முகப்பை அடுத்து இருக்கும் என்று எண்ணி வந்தவர் திகைப்புற்றனர். அவை கிழக்கே ஒதுங்கிய குறும்மேடைகள். பெட்டிகள் குறைந்த வண்டிகளுக்குரியவை. முகப்பு மண்டபத்தினின்று நேரே எதிர்ப்பட்டது நான்காம் மேடையே. புறநகர் மின்வண்டிகளுக்கு உரியவை 10, 11 ஆகிய வடகோடி மேடைகள். ஆகவே தாம்பரத்திற்கோ கடற்கரைக்கோ செல்பவர் பெருமண்டபத்தை மிதிக்காமலே பல்லாண்டு பயணம் செய்திருத்தல் கூடும். கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மீட்டர் பாதையில் மின்வண்டி ஓடத் தொடங்கியது 1931இல். அதன்பின் எழும்பூரில் இறங்கியவர் மின்வண்டியேறி அடுத்த நிலையமாகிய பூங்கா நிலையத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் சென்ட்ரலை அடையலாயிற்று. ஜட்காவின் வருவாய் அன்றே குறையத் தொடங்கியிருக்கும்.

இந்நிலையத்தின் புகழ் கடல் கடந்தது ‘போட் மெயில்’ வண்டியால். தொடக்கத்தில் சென்னையினின்று தூத்துக்குடி வரை வண்டியிலும், அங்கிருந்து கொழும்பு வரை கப்பலிலுமாக அப்பயணம் அமைந்திருந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பெற்றபின் வண்டி தனுக்கோடித் துறைக்கே சென்றது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கடற்பயணம் சுமார் 22 கல். பின்னர் இலங்கை வண்டி. எழும்பூரில் வாங்கிய ஒரே சீட்டால் கொழும்பு வரை செல்லலாம். சுவையான செய்தி யாதெனின், இலங்கையார் பாதை அகலப் பாதை. ஆக, எழும்பூரில் மீட்டர் பாதையில் ஏறியவன் கடலுக்கப்பால் மீண்டும் அகலப் பாதையில் ஏறினான். இவ்வண்டியைப் பற்றி எழுதுவோர் துரைமாரையும் வணிகரையும் நினைப்பர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களை நோக்கி மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டுக் கடல் கடந்த தமிழ்த் தொழிலாளரும் சென்றது இதே தண்டவாளத்தில்தான். 1964 டிசம்பர் 22-23 இரவிற் சுழன்றடித்த புயல் தனுக்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணியர் வண்டியையும் கடல் கொண்டது. அதன்பின் இராமேச்சுரத்தினின்று நடந்த கப்பற் போக்குவரத்தும் இலங்கையின் உள்நாட்டுப் போரால் 1980களில் நின்றது. படகு நின்ற பின்னும் எழும்பூரினின்று இராமேச்சுரம் செல்லும் வண்டிக்குப் ‘போட் மெயில்’ என்னும் பெயர் நிற்கின்றது. சொற்பொருள் மாற்றம் பயிற்றுவோர் வகுப்பில் எடுத்துக்காட்டத் தக்க பெயர் இது.

1951 ஏப்ரல் 14இல் தென்னிந்திய இரயில்வேயும், சென்னை தென்மராட்டா இரயில்வேயும், மைசூர் அரசு இரயில்வேயும் ஒன்றுபட்டுத் தென்னக இரயில்வே ஆயின. கும்பினி வேற்றுமை அன்றே மறைந்தது. பாதை வேற்றுமையோ மேலும் அரை நூற்றாண்டு நீடித்தது. தென்மாவட்டப் பாதைகள் 1990கள் முதற்கொண்டு அகலப்படுத்தப்பெற்றன. கடற்கரை-தாம்பரம் மீட்டர் பாதை மின்வண்டி 2004இல் நிறுத்தப்பெற்றது. இன்று எழும்பூரிலும் சென்ட்ரலிலும் ஒரே அகலமே. 2018 முதல் இரண்டையும் மெட்ரோ வண்டி நிலத்தடியே இணைக்கின்றது. எனினும் பாண்டியன் எழும்பூரினின்றே புறப்படுகின்றது. சேரன் சென்ட்ரலினின்றே புறப்படுகின்றது. காரணம் மறைந்தும் காரியம் நிற்கின்றது.

எழும்பூரில் வந்திறங்கும் ஆராய்ச்சி மாணவர்க்கு ஒரு குறிப்பு. முகப்பு வழியே வெளிவந்து காந்தி-இர்வின் சாலையைக் கடப்பின் எதிரே தோன்றும் செந்நிறக் கட்டடம், 1909இல் சென்னை ஆவணக் களரியாக அமைந்து இன்று தமிழ்நாடு ஆவணக் காப்பகம் எனப்படுவது. இந்நிலையம் கட்டப்பெற்ற நாளைய அரசாணைகள் பொதுப்பணித்துறையின் இரயில்வேப் பிரிவுத் தொகுதிகளில் ஆண்டுவாரியாக அங்கே அடுக்கப்பட்டுள்ளன. 1905 முதல் 1908 வரையுள்ள தொகுதிகளை முதலிற் கேட்டுப் பெறுதல் நன்று.